யாருக்கும் பாதிப்பில்லை

"இதுல ஒண்ணு செத்துப்போனா பக்கத்துல இருக்குறது அழுமா?" என்று ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள்.

எங்கள் நகராட்சியில் வருடத்தில் ஒருநாள் பொதுமக்களுக்கு எல்லாக் கதவுகளையும் திறந்துவிடுவார்கள். பிள்ளைகள் தீயணைப்பு வண்டியில் ஏறிப் பார்ப்பார்கள், பனி வாரும் வண்டியின் ஒலிப்பானை அடித்துப் பார்ப்பார்கள். என் பங்குக்கு நான் நிலவறையில் இருக்கும் சர்வர் அறையைக் காட்டுவேன். அங்கே அநேகமாக யாரும் வருவதில்லை. அன்று அந்தச் சிறுமி தன் வகுப்போடு வந்தாள். டிஸ்க்குகள் வரிசையாகச் செருகியிருந்த அலமாரியைப் பார்த்துவிட்டு அப்படிக் கேட்டாள். நான் அவள் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து பதில் சொன்னேன்.

"அழாது கண்ணு. செத்ததோட வேலையையும் சேர்த்து இதுவே செய்யும். சத்தமே வராது."

பிறகு அவளுக்கு ஒரு இலவங்கப்பட்டை ரொட்டி கொடுத்தேன். பிள்ளைகளுக்கென்று வீட்டிலேயே சுட்டு எடுத்துப் போயிருந்தேன்.

உங்களுக்குக் கணினி விஷயம் எதுவும் தெரியாது என்று சொன்னீர்கள். பரவாயில்லை, அந்தச் சிறுமிக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். எங்களிடம் இருப்பவை மூன்று பெரிய இயந்திரங்கள்தான். அவற்றுக்குள் பல சர்வர்கள் குடியிருக்கின்றன. பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, குடிநீருக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று. ஒரே கட்டடத்தில் பல குடித்தனங்கள் இருப்பதைப் போல. ஒவ்வொரு சர்வரும் தனக்கென்று சொந்தமாக ஒரு டிஸ்க் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். அப்படி ஒன்று கிடையாது. கீழே எல்லோருக்கும் பொதுவாக ஒரு வரிசை டிஸ்க்குகள் உண்டு. அதில் ஒன்று போனால் மற்றவை தாங்கிக்கொள்ளும். மேலே குடியிருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கேட்டால் நலமாக இருக்கிறேன் என்றுதான் சொல்வார். இரண்டாவது டிஸ்க்கும் போகும்போதுதான் வீடு உட்கார்ந்துவிடும்.

ஆகவே முதல் டிஸ்க் போனவுடனேயே, அடியில் இருக்கும் இயந்திரம் எங்களைக் கூப்பிட வேண்டும். இது வலி இல்லாத நோய். வலியை நாம்தான் உண்டாக்கிக் கொடுக்க வேண்டும். பல வருடங்களாக அதுதான் என் வேலை. நன்றாகவே செய்தேன்.

என்னைப் பற்றி ஊரில் விசாரித்திருப்பீர்கள். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறேன். பனிக்காலத்தில் என் வாசலை வாரும்போது பக்கத்து வீட்டு குன்வோரின் வாசலையும் சேர்த்தே வாரிவிடுவேன். கடவுள் பெரிய காரியங்களைக் கணக்கில் எடுப்பதில்லை, சின்னச் சின்ன இரக்கங்களைத்தான் பார்க்கிறார் என்று நம்புகிறவன் நான். இன்றும் நம்புகிறேன். நான் கோபக்காரன் இல்லை. என் குரலை நான் உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

என் அம்மா டாக்னி மேட்டுத் தெருவில் ஒரு மஞ்சள் வீட்டில் தனியாக இருந்தாள். தனியாக வாழும் முதியவர்களுக்கு நகராட்சி ஒரு பொத்தான் கொடுக்கிறது. கைக்கடிகாரம் மாதிரி மணிக்கட்டில் கட்டிக்கொள்ளலாம். விழுந்துவிட்டால், நெஞ்சு அடைத்தால், அதை அமுக்க வேண்டும். உதவிக்கு ஆள் வருவார்கள். அந்த அழைப்புகளை வாங்கிக்கொள்ளும் சர்வரும் எங்கள் இயந்திரங்களில் ஒன்றில்தான் குடியிருந்தது.

போன பிப்ரவரியில் அந்த இயந்திரத்தில் ஒரு டிஸ்க் செத்தது. எச்சரிக்கை சரியாக வந்தது. எங்கள் பிரிவு முழுவதற்கும் பொதுவான அரட்டைக் குழுவில் வந்து விழுந்தது. எங்கள் அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. எச்சரிக்கையைப் பார்த்தவர் அதன் அடியில் ஒரு கட்டைவிரல் படம் போடுவார். பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். எங்கள் தலைவன் யெர்கெர் முதலில் போட்டான். பிறகு மாலின் போட்டாள். மற்றவர்களும் போட்டார்கள். நானும் போட்டேன், அதை மறைக்கவில்லை. ஆனால் நான் தலைவன் இல்லை. கட்டைவிரல்கள் அழகாக வரிசையில் நின்றன. ஒவ்வொருவரும் இன்னொருவர் போய் டிஸ்க்கை மாற்றிவிடுவார் என்று நினைத்தார்கள். ஒருவரைப் பார்த்து 'நீ போய்ச் செய்' என்று நேராகச் சொல்வது எங்களுக்குள் மரியாதைக் குறைவு. அடுத்த வாரம் இரண்டாவது டிஸ்க்கும் போனது. ஒரு மாலை முழுவதும் பொத்தான் சர்வர் விழுந்து கிடந்தது.

அந்த மாலையில்தான் என் அம்மா சமையலறையில் விழுந்தாள். மறுநாள் காலையில் வேலைக்குப் போகும் வழியில் நான்தான் உள்ளே போய்ப் பார்த்தேன். அவளை எடுத்துச் செல்ல ஆட்கள் வந்தபோது பொத்தான் அவள் மணிக்கட்டில் இருந்தது. அவர்கள் அதைக் கவனித்தார்கள். ஊர் முழுவதும் அதைப் பேசிக்கொண்டது.

யெர்கெர் அன்று காலையிலேயே மேலிடத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பியிருந்தான். சேவை ஒரு மாலை தடைபட்டது, யாருக்கும் பாதிப்பில்லை என்று. அதை எழுதும்போது அம்மாவின் விஷயம் அவனுக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். பிறகு தெரிந்தது. அந்த வரி மாறவில்லை. நான் காத்திருந்தேன். பனி உருகியது, உறைந்திருந்த ஆறு மறுபடி ஓடியது. வரி அப்படியே இருந்தது. வெளியிலிருந்து விசாரணைக்கு வந்தவர்கள் அமைப்பில் குறைபாடு என்று எழுதிவிட்டுப் போனார்கள். மனிதர் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை.

அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு தேவாலயக் கூடத்தில் காபி கொடுத்தோம். யெர்கெர் என் பக்கத்தில் வந்து நின்றான். அவன் தட்டில் இறால் வைத்த ரொட்டிக் கேக் இருந்தது. வாயிலும் கொஞ்சம் இருந்தது.

"இது யாரோட தப்பும் இல்ல, ஹால்வார்," என்றான். "நாம யாரையும் கை காட்டப் போறதில்ல. சரியா?"

"சரி," என்றேன்.

"எனக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

"நீ சொல்ல வேண்டியதைச் சொல்லிட்ட."

"ஒண்ணு பண்ணு. புது எச்சரிக்கை அமைப்பு போடணும்ல, அதை நீயே எடுத்துக்க. உன்னைவிட அக்கறையா யாரு செய்யப் போறா? மனசுக்கும் ஒரு வேலை இருந்த மாதிரி இருக்கும்."

என் கையில் இருந்த கோப்பை அப்போது உடைந்திருக்க வேண்டும். உடையவில்லை. அதைத் தட்டில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு அவனுக்கு நன்றி சொன்னேன். அவன் என் தோளைத் தட்டினான். அந்தக் கையின் சூடு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அருவருப்பாக இருந்தது.

நான் என்ன செய்தேன் என்பதில் உங்களுக்குக் குழப்பம் வேண்டாம். நான் ஓர் எச்சரிக்கையைக்கூட அணைக்கவில்லை. அந்த இயந்திரங்களை எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்துப் பாருங்கள். எல்லாம் போட்டபடியே இருக்கும். நான் கூட்டினேன், அவ்வளவுதான். டிஸ்க் கொஞ்சம் சூடானால் எச்சரிக்கை, ஆறினாலும் எச்சரிக்கை. படிக்க ஒரு கணம் தாமதித்தால் எச்சரிக்கை. தன்னைத் தானே சோதிக்கத் தொடங்கினால் ஒன்று, சோதித்து முடித்தால் இன்னொன்று, நலமாக இருக்கிறேன் என்பதற்கும் ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பு, ஒரே மணியொலி, ஒரே தலைப்பு. சாகிற டிஸ்க்கும் தும்முகிற டிஸ்க்கும் ஒரே குரலில் கத்தின.

யெர்கெர் கூட்டத்தில் என்னைப் பாராட்டினான். இனிமேல் எதுவும் நம் கண்ணுக்குத் தப்பாது என்றான்.

காபி நேரங்களில் மாலின்தான் முதலில் புலம்ப ஆரம்பித்தாள்.

"ஹால்வார், உன் பொட்டி நேத்து என்னை எத்தனை தடவை கூப்பிட்டுச்சு தெரியுமா? என் புருஷன் 'யாருடி அவன், விடாம கூப்பிடுறான்'னு கேக்குறான்."

"நீ என்ன சொன்ன?"

"டிஸ்க்குன்னு சொன்னேன். பேரே சரியில்லையே, எந்த ஊர்க்காரன்னு கேக்குறான்."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

"கொஞ்சம் கொறைக்கக் கூடாதாடா?" என்று அவள் பிறகு தனியாக வந்து கேட்டாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவளுக்குக் கைக்குழந்தை இருக்கிறது.

"குறைச்சா அதுல ஒண்ணு நிஜமா இருந்துடுமே, மாலின்."

"அதுவும் சரிதான்." அவள் அழுதுவிடுவாள் போல இருந்தது. "உங்கம்மா விஷயத்துக்கு அப்புறம் நான் வாயைத் திறந்து கேட்டிருக்கவே கூடாது. மன்னிச்சுக்க."

அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தத் தலைப்பில் வரும் செய்திகள் சத்தமில்லாமல் ஒரு தனி ஃபோல்டருக்குள் போய் விழும்படி நானே செய்துகொடுத்தேன். "நேரம் கிடைக்கும்போது பாத்துக்க," என்றேன். அவள் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். அவர்களுக்கும் செய்துகொடுத்தேன். கேட்காதவர்களின் மேசைக்கு நானே ரொட்டியோடு போனேன். இதில் யாரையும் நான் வற்புறுத்தவில்லை. களைத்துப்போனவர்களுக்குச் செய்யும் சிறு உதவிதான் அது.

யெர்கெர்தான் கடைசிவரை தாங்கினான். வந்த எல்லாவற்றையும் படித்தான். மதியச் சாப்பாட்டின்போது படித்தான், கூட்டங்களில் மேசைக்கு அடியில் வைத்துப் படித்தான். அவன் இப்படிப் பிடிவாதமாகப் படிப்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அது என் கோபத்தை அதிகமாக்கியது. பிப்ரவரியில் ஒரே ஒரு செய்தி வந்தது. அதை இப்படிப் படித்திருந்தால் போதுமே என்று நினைத்தேன். மே மாதத் தொடக்கத்தில் அவன் என் மேசைக்கு வந்தான்.

"கண்ணு பூத்துப்போச்சு, ஹால்வார். நேத்துப் பொண்ணோட பிறந்தநாள். கேக்கு வெட்டும்போதுகூடக் குனிஞ்சு ஃபோனைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். என் சம்சாரம் ஃபோனைப் பிடுங்கி ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சுட்டா."

"நான் பாத்துக்கறேன்," என்றேன்.

"எல்லாத்தையுமா?"

"நான் போட்டதுதானே. எது நிஜம், எது சும்மான்னு எனக்குத் தெரியும்."

"நீ மனுஷனே இல்லடா, தேவதூதன்," என்றான் அவன்.

அவன் ஃபோனை என் கையில் கொடுத்தான். நானே அமைத்துக்கொடுத்தேன்.

அதன்பிறகு பொத்தான் சர்வரை மூன்று இயந்திரங்களில் மிகப் பழையதற்கு மாற்றினேன். அதன் டிஸ்க்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் வாங்கியவை, ஒரே சமயத்தில் தேய்ந்தவை. சுமையைப் பகிர்வதற்காக என்று காரணம் எழுதினேன். யாரும் கேள்வி கேட்கவில்லை. கட்டைவிரல்கள் வந்தன.

ஆல்கோத்தைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். யெர்கெரின் அப்பா. ஆற்றின் அக்கரையில், என் வீட்டுக்கு நேர் எதிரே தனியாக இருந்தார். பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்பார். அவரிடமும் பொத்தான் இருந்தது. அவர் அதைச் சும்மாவே அமுக்குவார். "ஒண்ணும் இல்லம்மா, நீங்க முழிச்சிருக்கீங்களான்னு பாத்தேன். காபி சூடா இருக்கு, வர்றீங்களா?" என்பார். உதவி மையத்துப் பெண்கள் இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்கள். சில நாட்கள் உண்மையிலேயே போய்க் காபி குடித்துவிட்டு வருவார்கள். ஆல்கோத் அமுக்கினால் எல்லோருக்கும் சிரிப்பு.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. யெர்கெர் ஒரு சமையலறையில் நின்று, நான் நின்றதைப் போல நின்று, யாருக்கும் பாதிப்பில்லை என்று யாராவது சொல்வதைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் நான் விரும்பியது. அந்தப் பொத்தானை ஊரில் எத்தனையோ பேர் கட்டியிருக்கிறார்களே, அது வேறு யாராகவும் இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அதையும் யோசித்தேன். ஒவ்வொருவருக்காகவும் பெயர் சொல்லி ஜெபம் செய்தேன்.

மே மாதக் கடைசியில் முதல் டிஸ்க் செத்தது. எச்சரிக்கை வந்தது, எல்லோருடைய ஃபோல்டருக்குள்ளும் போய் விழுந்தது. நான் ஒருவன்தான் படித்தேன். புது டிஸ்க் அலமாரியில் இருந்தது. மாற்றுவதற்கு ஒரு காபி குடிக்கும் நேரம் போதும். அலமாரியைப் பூட்டிவிட்டுப் பாட்டுப் பயிற்சிக்குப் போனேன். அன்று கண்ணாடியை மறந்துவிட்டிருந்தேன். ஆல்கோத் தன் பாட்டுப் புத்தகத்தை எனக்குத் தெரியும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டு பயிற்சி முடியும் வரை நின்றார். அதை உங்களிடம் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

கோடைநடுத் திருநாளின் முந்தின நாளில்தான் எங்கள் ஊரில் கொண்டாட்டம்; அன்று காலையில் இரண்டாவது டிஸ்க்கும் போனது. அலுவலகம் பூட்டியிருந்தது. மாலின் தன் மாமியார் வீட்டில் இருந்தாள். யெர்கெர் தீவில் இருக்கும் தன் கோடைக் குடிலில் இருந்தான். என் ஃபோன் மட்டும் அடித்தது. நான் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றினேன்.

குன்வோர் சாப்பிட வந்திருந்தாள். கணவர் போனபின் திருநாட்களில் அவளைத் தனியாக விடுவதில்லை. தோட்டத்தில் மேசை போட்டிருந்தேன். ஊறவைத்த மீன், சதகுப்பை தூவிய உருளைக்கிழங்கு, ஸ்ட்ராபெரி. ஆற்றின் இரு கரையிலும் எல்லா வீட்டுக் கம்பங்களிலும் கொடி ஏறியிருந்தது. குன்வோர்தான் முதலில் பார்த்தாள்.

"அக்கரைல பாரேன், ஹால்வார். ஆல்கோத் கொடியைப் பாதியில நிறுத்தியிருக்காரு."

"ஆமா."

"யாரு போயிட்டாங்க? அவரு தங்கச்சிக்கு உடம்பு முடியலைன்னு சொன்னாங்களே, அவளா இருக்குமோ?"

"இருக்கலாம்."

"நல்ல நாளும் அதுவுமா. பாவம், ஒண்டி மனுஷன்." அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒரு எட்டுப் போயிட்டு வரட்டுமா? உன் படகு இருக்கே."

நான் அந்தக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆல்கோத் ராணுவத்தில் இருந்தவர். துக்கத்துக்குக் கொடியை அரைக்கம்பத்தில் நிறுத்துவது என்றால் முதலில் உச்சிவரை ஏற்றிவிட்டு, பிறகு மரியாதையாக இறக்கி, சரியான இடத்தில் கட்டுவார். இது அதைவிடக் கீழே, ஒருபக்கம் சுருண்டு தொங்கியது. ஏற்றிக்கொண்டிருந்தபோது கை நின்றுபோன கொடி அது. மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்று கயிற்றைக் கம்பத்துக் கொண்டியில் சுற்றிவிட்டு நின்றிருக்கிறார். அதை நான் பார்த்த கணமே புரிந்துகொண்டேன்.

"வேணாம் குன்வோர்," என்றேன். "துக்கத்துல இருக்கறவங்க கொஞ்ச நேரம் தனியா இருக்கணும்னு நெனப்பாங்க. நாளைக்கு நான் ரொட்டி சுடறேன். ரெண்டு பேருமா எடுத்துக்கிட்டுப் போவோம்."

"நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும். உனக்குத் தெரியாத துக்கமா." என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "உனக்கு எவ்வளவு நல்ல மனசுடா."

ஆற்றங்கரையில் அன்று அந்தக் கொடியைப் பார்த்தவர்கள் பலர். படகில் போனவர்கள் அவர் வீட்டருகே வந்தபோது பாட்டை நிறுத்திவிட்டுப் போனார்களாம். அவருடைய பக்கத்து வீட்டுக் குடும்பம் தங்கள் இசைப்பெட்டியை அணைத்துவிட்டதாம். துக்க வீட்டைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். ஒருவரும் கதவைத் தட்டவில்லை. மாலை முடியும்போது எல்லா வீடுகளிலும் கொடியை இறக்கினார்கள். அவருடையது இறங்கவில்லை. நான் பாத்திரங்களைக் கழுவிவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன். இறங்கவில்லை.

மறுநாள் ரொட்டி சுட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் நான். குன்வோரும் நானும் படகில் போனோம். லைலாக் புதருக்குப் பின்னால், சாலையிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் அவர் கிடந்தார். பொத்தான் கட்டிய கையின் மேல் மறு கை இருந்தது. அதன் கட்டைவிரல் பொத்தானை அழுத்தியபடியே விறைத்திருந்தது. முந்தின நாள் மாலை வரைகூட உயிர் இருந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். குன்வோர் அன்றிலிருந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவள் தன்னைத்தான் நொந்துகொள்கிறாள் என்று நினைக்கிறேன். அவளிடம் சொல்லிவிடுங்கள், அவள் போகலாம் என்றுதான் சொன்னாள் என்று.

நான் எதிர்பார்த்தது அதன்பிறகும் நடக்கவில்லை. யெர்கெர் அமைப்பில் குறைபாடு என்று சொல்லவில்லை. யாரோட தப்பும் இல்லை என்றும் சொல்லவில்லை. "நான் எச்சரிக்கைகளைத் தள்ளி வெச்சேன், எங்கப்பா செத்துட்டாரு," என்று பத்திரிகைக்காரர்களிடம் தன் பெயரைச் சொல்லியே சொன்னான். வேலையை விட்டான். நீங்கள் அவனை விசாரித்ததும், அவன் எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டதும் எனக்குத் தெரியும். என் பெயரை அவன் ஒருமுறைகூடச் சொல்லியிருக்க மாட்டான். தேவதூதனைக் காட்டிக்கொடுப்பார்களா?

இன்று காலை அவன் என் வீட்டுக்கு வந்தான். இளைத்திருந்தான். காபி ஊற்றிக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"அந்த அறிக்கையை மாத்தணும்னு நான் எழுதிப் போட்டேன், ஹால்வார். பிப்ரவரிலயே. மறுபடியும் எழுதினேன். மேல ஒத்துக்கல. வழக்கு வந்துடும்னு பயந்தாங்க."

"எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே."

"சொன்னா சாக்கு சொல்ற மாதிரி இருக்கும்னு நெனச்சேன். அதுக்குப் பதிலா எல்லாத்தையும் படிச்சுத் தீத்துடலாம்னு பாத்தேன். அதுவும் முடியல." கோப்பையைத் தள்ளி வைத்தான். "எங்கப்பாவைப் பத்திக்கூட நான் அவ்வளவு நெனக்கல. படுத்தா உங்கம்மா ஞாபகம்தான் வருது. அன்னிக்கு அவங்க எத்தனை வாட்டி அமுக்கியிருப்பாங்க? அமுக்கிட்டு, யாரோ வர்றாங்கன்னு நம்பிக்கிட்டே கிடந்திருப்பாங்கல்ல?"

அவன் அதைக் கேட்டிருக்கக் கூடாது. எனக்கு மறுபடியும் அவன் மேல் கோபம் வந்தது. பிப்ரவரியில் வந்ததைவிடப் பெரிய கோபம். அவனை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். அவன் மேல் இரக்கப்பட்டு வந்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். விவரங்கள் சரியாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறவன் நான். அவன் தப்பான ஒன்றை நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறான். அதைத் திருத்த வேண்டும்.

என் அம்மா ஒரு தடவைகூட அமுக்கவில்லை.

அவள் முன்பெல்லாம் அமுக்கிக்கொண்டேதான் இருந்தாள். பல்பு போய்விட்டது என்று அமுக்குவாள், ஜாடி மூடி திறக்கவில்லை என்று அமுக்குவாள். அவசரம் இல்லாத அழைப்பு என்றால் உதவி மையத்துக்காரர்கள் மகனைத்தான் கூப்பிடுவார்கள். கூட்டத்தில் இருப்பேன், ஃபோன் அடிக்கும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒருநாள் போய்ச் சொன்னேன்.

"அம்மா, இது விளையாட்டுச் சாமான் இல்ல. சும்மா சும்மா அமுக்கினா, நிஜமா ஒண்ணு வரும்போது யாரும் நம்ப மாட்டாங்க."

"இல்லடா, பேசணும் போல இருந்துச்சு."

"பேசணும்னா எனக்கு ஃபோன் பண்ணு."

"பண்ணினா நீ எடுக்க மாட்டேங்கிறியே."

"வேலை இருக்கும்மா. உசுரு போற மாதிரி இருந்தா மட்டும் அமுக்கு. புரியுதா?"

புரிகிறது என்று தலையாட்டினாள். நான் சொன்னதில் தவறு இல்லை. அளவுக்கு மீறி வரும் அழைப்புகளைக் குறைப்பது என் தொழில். அன்றிலிருந்து அவளிடமிருந்து ஓர் அழைப்பும் வரவில்லை. அவள் சரியாகிவிட்டாள் என்று நினைத்தேன்.

அன்று காலை நான் கதவைத் திறந்தபோது அவள் தொட்டிக்கும் மேசைக்கும் நடுவில் கிடந்தாள். பொத்தான் கதவோரத்துக் கொக்கியில், அவளுடைய மேலங்கிக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவும்போது தெரியாமல் அமுங்கிவிடக் கூடாது, மகனுக்குத் தொந்தரவு வந்துவிடக் கூடாது என்று கழற்றி மாட்டியிருக்கிறாள். தரையில் கொஞ்ச தூரம் நகர்ந்து வந்திருந்தாள். முகம் கொக்கியின் பக்கம் திரும்பியிருந்தது.

கட்டியிருந்தால் அமுக்கியிருப்பாள். அமுக்கியிருந்தால், சர்வர் விழுந்து கிடந்ததால், யாரும் வந்திருக்க மாட்டார்கள். எப்படிப் பார்த்தாலும் முடிவு ஒன்றுதான். ஆகவே தப்பு யெர்கெருடையதுதான். இதை நான் அப்போதே யோசித்து முடித்துவிட்டேன்.

பிறகு பொத்தானை எடுத்து அவள் கையில் கட்டினேன். கை விறைத்திருந்ததால் வாரைப் பூட்டக் கொஞ்சம் நேரமானது. வீட்டில் வேறு யாரும் இல்லை, யாரும் பார்க்கவில்லை. எனக்காக அவள் எவ்வளவோ செய்திருக்கிறாள். டாக்னிக்கு அஜாக்கிரதை என்று ஊர் அவளைக் குறை சொல்லிவிடக் கூடாதே என்று, மகன் என்ற முறையில் நான் பட்ட கடனை அப்படித் தீர்த்தேன். அவளுக்காகத்தான் கட்டினேன்.